ஷூ போட்டால் மட்டும் மரத்துப்போகும் கால்

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். லேஸ் அடிக்கடி அவிழ்வதால் நன்றாக இறுக்கி இரட்டை முடிச்சு போடுகிறேன். ஒரு மாதமாகப் பாதி நடையில் வலது கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகிறது. ஷூவைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது. சர்க்கரை இல்லை. பக்கவாதத்தின் அறிகுறி என்று இணையத்தில் படித்ததிலிருந்து நரம்புக்கான வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். குதிகால் வெடிப்பும் உண்டு. ஒரு நகம் மஞ்சளாக இருக்கிறது.

மருத்துவர் பதில்:

ஷூவைப் போட்டால் வந்து, கழற்றினால் போகிற பக்கவாதம் கிடையாது. பக்கவாதம் திடீரென்று வரும். முகம் கோணும், ஒரு பக்கக் கை துவளும், பேச்சு குழறும். அந்தப் பயத்தை விடுங்கள்.

நீங்கள் சொல்லும் அந்த இடத்துக்கு உணர்ச்சி தருவது ஆழ்ந்த பெரோனியல் நரம்பு. கணுக்காலின் முன்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேட்டில் ஓடுகிறது. அங்கே எலும்புக்கு மேல் சதைப்பிடிப்பு அதிகம் இல்லை, லேஸ் குறுக்கே போவதும் அங்கேதான். அவிழ்கிறதே என்று நீங்கள் இறுக்க இறுக்க, நரம்பு நசுங்குகிறது.

ஆக, சரிசெய்ய வேண்டியது முடிச்சை. லேஸ் ஏன் அவிழ்கிறது என்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கால் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, வீசும் காலோடு ஆடும் நுனிகள் அதை உருவிவிடுகின்றன. இறுக்கத்தைவிட முடிச்சின் அமைப்புதான் முக்கியம்.

லேஸைக் கட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். இரண்டு வளையங்களும் ஷூவுக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் நல்ல முடிச்சு. ஒன்று விரல் பக்கமும் மற்றது கணுக்கால் பக்கமும் திரும்பி நின்றால், அடிமுடிச்சும் மேல்முடிச்சும் ஒரே திசையில் போடப்பட்டிருக்கின்றன, அது நிற்காது. உங்களுடையது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வளையம் போடும் பழக்கத்தை மாற்ற வேண்டாம். அடிமுடிச்சை மட்டும் திருப்புங்கள்: இடது நுனியை வலதின் மேல் போடுபவர் என்றால், இனி வலதை இடதின் மேல். தையல் போடப் பழகும் மருத்துவ மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பதும் இதுதான். அப்படியும் நழுவுகிற வழுவழுப்பான உருண்டை லேஸாக இருந்தால், வளையத்தைச் சுற்றும்போது ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இழுங்கள்; இல்லையென்றால் தட்டை லேஸுக்கு மாறுங்கள்.

அடுத்து, அழுத்தும் இடம். மேட்டில் எங்கே தொட்டால் சுருக்கென்கிறதோ, அதன் மேல் லேஸ் குறுக்கே போகக் கூடாது. அந்த ஓரிடத்தில் மட்டும் இரு பக்கமும் நேராக மேல் துளைக்குக் கொண்டுபோய், அதன் பிறகு வழக்கம்போல் குறுக்கே கோர்க்கவும். குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு, விரல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக இழுத்து வாருங்கள். மேல் வரியை மட்டும் பிடித்து இழுத்தால் சுமை முழுவதும் நரம்பின் மேல்தான். கட்டிய பின் முடிச்சுக்குக் கீழே ஒரு விரல் நுழைய வேண்டும்.

மாத்திரையை நிறுத்துங்கள். நசுங்கும் நரம்பை வைட்டமின் விடுவிக்காது. நரம்பு மாத்திரைகள் பலவற்றில் பி6 அதிகம். மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால்களை மரக்கவைக்கும். யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள்?

ஒன்றே ஒன்றுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். வெறுங்காலோடு நின்று கட்டைவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு குதிகாலால் பத்தடி நடந்து பாருங்கள். வலது கட்டைவிரல் இடதைப் போல எழவில்லை, முன்பாதம் தொங்குகிறது, நடக்கையில் நுனி தரையில் தட்டுகிறது என்றால் லேஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். முழங்காலின் வெளிப்பக்கத்திலோ இடுப்புத் தண்டுவடத்திலோ நரம்பு அழுந்தியிருக்கலாம். அந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். திடீரென்று அப்படி ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பலம் குறையாவிட்டாலும், லேஸை மாற்றி மூன்று வாரம் ஆன பின்னும் மரப்பு நீடித்தால் காட்டுங்கள்.

குதிகால் வெடிப்புக்கு இரவில் வாசலின் தடவினால் போதும். நகத்தை இப்போதைக்கு விடுங்கள். தடித்து உதிர ஆரம்பித்தால் பார்த்துக்கொள்ளலாம்.