வவ்வாலும் விட்டிலும்

அன்புள்ள அக்கா,

வார இறுதிகளில் 8 முதல் 10 வயது வரையுள்ள 12 பெண் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். ஓட்டப்பந்தயம் வைத்தால் மூன்று பேர் ஓடுகிறார்கள், மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். செடி, பறவை பற்றிப் பேச ஆரம்பித்தால் கொட்டாவி. “பெண் பிள்ளைகளுக்கு ஏதாவது கைவேலை சொல்லிக்கொடுத்தால் போதாதா, வெயிலில் எதற்கு?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

ஒதுங்கிப்போகும் அந்த ஒன்பது பேரைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். தோற்றவள் வெளியே போய் உட்காரும் ஆட்டங்களைக் கொஞ்ச நாள் அடியோடு விட்டுவிடுங்கள். யாருக்கு ஓடிப் பழக வேண்டுமோ, அவள்தான் அதில் முதலில் வெளியேறுகிறாள்.

வவ்வாலும் விட்டிலும் ஆடிப் பாருங்கள். எட்டுப் பேர் கைகோத்து வட்டமாக நிற்கட்டும். உள்ளே ஒருத்திக்குக் கண்ணைக் கட்டுங்கள், அவள் வவ்வால். மீதி மூவர் விட்டில்கள். அவள் “வவ்வால்!” என்று கத்தும்போதெல்லாம் இவர்கள் “விட்டில்!” என்று குரல் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் குரலை வைத்து அவள் பிடிக்க வேண்டும். வட்டத்தில் நிற்பவர்களுக்கும் வேலை உண்டு: வவ்வால் தடுமாறி வெளியே போகாமல் மெல்லத் திருப்பிவிட வேண்டும். முதலில் எப்போதாவது ஒருமுறை கத்திவிட்டுக் காற்றைத் துழாவுவாள். ஒரு விட்டில் பக்கத்தில் இருப்பது தெரிந்ததும், யாரும் சொல்லாமலே விடாமல் கத்தத் தொடங்குவாள். பூச்சி தின்னும் வவ்வாலும் அப்படித்தான். தன் குரலின் எதிரொலியைக் கேட்டு வேட்டையாடுகிறது, இரை நெருங்க நெருங்கக் குரலைக் கடகடவென்று அடுக்குகிறது. இதை ஆட்டம் முடிந்த பிறகு சொல்லுங்கள். கொட்டாவி வராது.

அப்புறம், மரத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். இரண்டிரண்டு பேராகப் பிரியட்டும். கண் கட்டிய தோழியைச் சுற்றிவளைத்து நடத்தி ஒரு மரத்திடம் விட வேண்டும். அவள் தடவலாம், கட்டிப்பிடிக்கலாம், முகரலாம். திரும்பி வந்து கட்டை அவிழ்த்ததும் தன் மரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை நாங்கள் இதை ஆடியபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி நேராக ஒரு மரத்திடம் போய், இடுப்பு உயரத்தில் இருந்த குழிக்குள் கட்டைவிரலை நுழைத்து, “இதுதான், சரியாப் பொருந்துது பாருங்க” என்றாள். அன்று முழுக்க மற்றவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். எறும்புச் சாரை, கம்பளிப்பூச்சி, முள் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கு என்ன சொல்வது? சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வழக்கம்போல் இருந்தவர்களில் அது 40-ஐ ஒட்டி இருந்தது. 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. ‘பெண் பிள்ளைகளுக்கு எதற்கு’ என்ற கேள்வியும் பழையதுதான். 1909-இல் லண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகள் அழைப்பில்லாமலே போய் நின்று, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். மறு ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. கைவேலையும் இருக்கட்டும், அதை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

12 பேர் என்பதால் மரத்து ஆட்டத்துக்கு ஆறு ஜோடி சரியாக வரும். ஒருத்தி வராத நாளில் நீங்களே கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா