ஒன்பதாம் வகுப்புக்குப் பாறை, மண் பாடங்களைச் செய்முறையாகவும் களப்பயணமாகவும் நடத்துவது எப்படி?

பஸ்ஸுக்குப் பணமில்லை, ஆய்வகமும் இல்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். காங்கயம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற கிணற்றில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில்.

முதல் வருடம் நானும் பஸ் வைத்து ஊட்டிக்குத்தான் கூட்டிப்போனேன். கொண்டை ஊசி வளைவிலேயே பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சோர்ந்துவிட்டார்கள். வந்தபின் பாறையைப் பற்றி எழுதச் சொன்னால் பூங்காவைப் பற்றி எழுதினார்கள். மறு வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன். "பாழுங்கெணறுங்க டீச்சர், அதுல என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார். சொன்னாரே தவிர, அன்று முழுக்கக் கூடவே நின்றார். அந்தக் கிணறு வெட்டும்போது சிறுவனாக மண் சுமந்தவர் அவர்.

உறை இறக்காமல் பாறையில் வெட்டிய அகலக் கிணறு. அதனால் அடுக்கெல்லாம் வெளியே தெரியும். மேலே இரண்டடி செம்மண். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். மண்ணில் இறங்கும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய், வெயிலில் வற்றும்போது விட்டுச்செல்வது அது. மழை குறைந்த நம் ஊரில் அப்படியே தங்கிவிடுகிறது. அப்புறம் மக்கிய பாறை. அடியில் கெட்டிப் பாறை. வெடிமருந்து அடைத்த குழியின் தடம்கூட இன்னும் இருக்கிறது. பாறை மண்ணாகும் கதையைக் கீழிருந்து மேலாகப் பிள்ளைகளே வாசித்தார்கள்.

"ஏனுங் டீச்சர், அப்பறம் தண்ணி எங்கிருந்துங்க வருது?" என்றான் ஒருவன். அவன் வீட்டில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதிதான் பறந்தது. கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்க இடமில்லை, மக்கிய அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும், வெடிப்பில் மாட்டாத போர் எவ்வளவு ஆழம் போனாலும் காய்ந்துதான் கிடக்கும் என்றேன். வகுப்பே அமைதியானது. பாதி வீடுகளில் போர் போட்ட கடன் இருக்கிறது.

சுற்றுச்சுவர் உள்ள கிணறாகப் பாருங்கள். பெற்றோர் கையெழுத்து வாங்கி, பத்துப் பத்துப் பேராகக் காட்டுங்கள். யாரையும் உள்ளே இறக்க வேண்டாம். வெட்டியபோது வெளியே கொட்டிய கல்லும் மண்ணும் கிணற்று மேட்டிலேயே கிடக்கும். மாதிரிக்கு அதுவே போதும்.

அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்லுங்கள். வெங்கச்சாங்கல் கண்ணாடியைக் கீறும். காக்காப்பொன் நகத்துக்கு ஏடு ஏடாக உரியும். சுக்கானைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி வரும். வாய்க்கால் மணலில் காந்தத்தை அளைந்தால் கருமணல் ஒட்டிக்கொள்ளும். ஊரில் சொல்கிற பெயரை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் வெங்கச்சாங்கல்லுக்குக் குவார்ட்ஸ், காக்காப்பொன்னுக்கு மைக்கா, கருமணலுக்கு மேக்னடைட் என்று எழுதுங்கள். இந்த வரிசை எனக்கு முக்கியம். வீட்டில் பாட்டிக்குத் தெரிந்ததும் பாடம்தான் என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

என்றாவது பஸ்ஸுக்குப் பணம் சேர்ந்தால் நொய்யல் கரையில் கொடுமணலுக்குப் போங்கள். 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பெரில் என்ற நீலப்பச்சை மணிக்கல்லிலும் குவார்ட்ஸிலும் மணி செய்ததும் இரும்பு உருக்கியதும் அகழாய்வில் தெரியவந்தன. பெரில் எங்கள் படியூர்ப் பக்கம் கிடைக்கிற கல். இதைச் சொன்ன மறுநாள் என் மேசையில் முப்பது கற்கள் இருந்தன.

இப்போது மாதம் ஒருமுறை கல் கட்டிய கயிற்றை விட்டு அந்தக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு அளந்தபோது நான்கு அடி ஏறியிருந்தது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுவரச் சொல்லிப் பெரியவர் தன் பேத்தியை வகுப்புக்கே அனுப்பிவிட்டார்.