டிசம்பர் வந்தால் கிளம்பும் கோச்சுகள்: கல்லூரி ஃபுட்பால் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: ஒரு யூனிவர்சிட்டியில் நன்றாக ஜெயித்துக்கொண்டிருக்கும் கோச், அதை விட்டுவிட்டு ஏன் பெரிய பெயருள்ள இடத்துக்கு ஓடுகிறார்? ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். மெஸ்ஸியைப் பற்றிக் கேட்ட இருவர் இடம் மாறி வந்துவிட்டார்கள். இது அமெரிக்க ஃபுட்பால் பகுதி.

சம்பளம்தானே காரணம்? எதற்கு இவ்வளவு அலசல்? (திருச்சி வாசகர்)

சம்பளமும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் வேண்டுமென்றால் இருக்கிற இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஏஜென்ட் வேறொரு யூனிவர்சிட்டியின் பெயரை லேசாகக் கசியவிட்டால் போதும், பல பேருக்குச் சம்பளம் தானாக ஏறிவிடும். கோச்சின் மனதை அரிக்கிற கேள்வி வேறு: இங்கே இருந்துகொண்டு தேசிய சாம்பியன் ஆக முடியுமா?

அர்பன் மேயரைப் பாருங்கள். 2004-ல் யூட்டா அணியை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 12-0 என்று முடித்தார். சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு அழைப்பே வரவில்லை, ஏனென்றால் யூட்டா அப்போது சின்ன கான்ஃபரன்ஸில் (யூனிவர்சிட்டிகள் சேர்ந்து ஆடும் லீக்) இருந்தது. இதற்கு மேல் அவர் என்ன செய்திருக்க முடியும்? நோட்டர் டேம், ஃப்ளோரிடா இரண்டும் கூப்பிட்டன. பழம்பெருமை என்று பார்த்தால் நோட்டர் டேம்தான் ஒரு படி மேல், அவர் முன்பு உதவி கோச்சாக இருந்த இடமும்கூட. ஆனாலும் ஃப்ளோரிடாவுக்குப் போனார். அந்த மாநிலத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எந்தப் பக்கம் போனாலும் நல்ல ஹைஸ்கூல் ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். இரண்டாவது சீசனிலேயே கோப்பை வந்தது. பெரிய பெயர் என்று நாம் சொல்வதில் பாதி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் இந்தப் பையன்கள்தான்.

நிக் சேபன் அலபாமாவை விட்டு மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனது தவறு இல்லையா? (சேலம் வாசகர்)

அனுப்புமுன் ஒரு தடவை சரிபார்த்தால் என்ன? சேபன் டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனது எல்.எஸ்.யூவிலிருந்து (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி). அலபாமாவுக்கு வந்தது டால்ஃபின்ஸிலிருந்து, 2007 ஜனவரியில். அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2006 டிசம்பரில், அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொன்னவரும் அவர்தான். டிசம்பர் மாத மறுப்பை நம்பாதீர்கள். இதை எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது.

ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போது எப்படிப் போக முடிகிறது? வழக்குப் போட மாட்டார்களா? (சென்னை, சட்டம் படிக்கும் மாணவி)

பைஅவுட், அதாவது ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பதற்கான தொகை, அதைக் கட்டிவிட்டால் போகலாம். பெரும்பாலும் கட்டுவது புதிய இடம்தான். வழக்கும் நடந்திருக்கிறது. 2007 டிசம்பர் முதல் தேதி, வெஸ்ட் வர்ஜீனியா சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 13-9 என்று தோற்றது. ஜெயித்திருந்தால் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம். கோச் ரிச் ராட்ரிகஸ் அந்த மண்ணில் வளர்ந்து, அதே யூனிவர்சிட்டிக்கு ஆடியவர். அந்த மாதமே மிச்சிகனுக்குக் கிளம்பினார். ஒப்பந்தத்தில் இருந்த 40 லட்சம் டாலரைக் கேட்டு வெஸ்ட் வர்ஜீனியா வழக்குப் போட்டது. கடைசியில் மிச்சிகன் 25 லட்சம், அவர் 15 லட்சம் என்று பங்கு போட்டுக் கட்டினார்கள். அதனால்தான் சொல்கிறேன்: எந்த ஒப்பந்தச் செய்தி வந்தாலும் தலைப்பில் இருக்கும் சம்பளத்தை விடுங்கள், முதலில் பைஅவுட்டைப் பாருங்கள். அவர் போனால் எவ்வளவு, அவரை அனுப்பினால் எவ்வளவு, இரண்டையும் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு யூனிவர்சிட்டிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் இணையப் பட்டியல்) வந்ததிலிருந்து பையன்களுக்கு விசுவாசமே இல்லை. பணம் கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் போகிறார்கள். அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது? (நியூ ஜெர்சி வாசகர்)

அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

2009-ல் சின்சினாட்டி 12-0. அந்த யூனிவர்சிட்டியின் சரித்திரத்திலேயே அப்படியொரு சீசன் இல்லை, அடுத்து சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டமான சுகர் பௌல். டிசம்பரில் சீசன் முடிவு விருந்து. குடும்பத்தோடு வந்திருந்த ஆட்டக்காரர்களுக்கு அன்று இரவுதான் தெரிந்தது, கோச் பிரையன் கெல்லி நோட்டர் டேமுக்குப் போகிறார் என்று. சுகர் பௌலில் அவர் இல்லாமலேயே இறங்கி ஃப்ளோரிடாவிடம் 51-24 என்று அடி வாங்கினார்கள். கெல்லி அடுத்த சீசன் முதல் ஆட்டத்திலேயே நோட்டர் டேம் பக்கம் நின்றார். அதே விருந்தில் இருந்த ஒரு பையன், “நானும் வேறு இடம் போகிறேன்” என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைய விதிப்படி ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும். வேறு யூனிவர்சிட்டியோடு பேசுவதற்கே பழைய இடத்தின் அனுமதி வேண்டும். யாரோடு பேசக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்த இடங்களும் உண்டு.

சேரும்போது பையன்கள் போட்ட கையெழுத்தும் யூனிவர்சிட்டிக்குத்தான், கோச்சுக்கு அல்ல என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கும். வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அம்மா கொடுத்ததைச் சாப்பிட்டு, “உங்கள் பிள்ளையை என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன்” என்று சொன்னவர் அடுத்த மாதமே கிளம்பினாலும் பையன் அங்கேயே இருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் மட்டும் பல காலம் வருடா வருடம் புதுப்பிக்கும் வகை. அதாவது அவனை அவர்கள் விட்டுவிடலாம், அவன் அவர்களை விட முடியாது.

இது மாறவே இவ்வளவு காலம் ஆனது. 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தது, அனுமதி கேட்கும் வழக்கம் ஒழிந்தது. 2021-ல் ஒரு தடவை உட்காராமல் மாறலாம் என்றார்கள். நீதிமன்றத் தடைக்குப் பிறகு, 2024-ல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. 2021 ஜூலை முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து ஆட்டக்காரர் சம்பாதிக்கலாம். 2025-26 முதல் யூனிவர்சிட்டியே வருடத்துக்கு மொத்தம் 2 கோடி டாலர் அளவுக்குப் பங்கு தரலாம்.

அதே கெல்லி 2021-ல் என்ன செய்தார்? நோட்டர் டேம் 11-1, பிளேஆஃப் (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்) வாய்ப்பு இன்னும் உயிரோடு இருந்தது. எல்.எஸ்.யூவுக்குப் போகிறார் என்ற செய்தி முதலில் ஊடகத்தில் வந்தது. அப்புறம்தான் ஆட்டக்காரர்களுக்கு மெசேஜ்: காலை 7 மணிக்கு வாருங்கள். கூட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. 10 வருடம், 9.5 கோடி டாலர். இதற்கெல்லாம் எனக்கு ஒரு கடிதம்கூட ‘விசுவாசம்’ என்ற சொல்லோடு வரவில்லை. கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யு.எஸ்.சிக்கு (சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) போனபோது “முன்னேற்றம்” என்றீர்கள், அவர் பின்னாலேயே அவருடைய ஆட்டக்காரர் கேலப் வில்லியம்ஸ் போனபோது “பணத்தாசை” என்றீர்கள். வில்லியம்ஸ் 2022-ல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார், அது தனிக் கதை. போர்ட்டலில் கோளாறு இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் விசுவாசப் பாடத்தை 19 வயதுப் பையனிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

ஃபைனல் வரை அணியைக் கொண்டுபோன கேலன் டிபோர் ஏன் வாஷிங்டனை விட்டார்? (கோவை வாசகர்)

2024 ஜனவரி 8-ல் மிச்சிகனிடம் ஃபைனலில் தோல்வி. 10-ம் தேதி சேபன் ஓய்வு. 12-ம் தேதி டிபோர் அலபாமாவில். சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67-3 என்று ஜெயித்து, படிப்படியாக ஏறி வந்தவர். வாஷிங்டனிலும் 25-3. அப்புறம் ஏன் போக வேண்டும்? வாஷிங்டன் இருந்த பசிபிக் கான்ஃபரன்ஸ் சிதறிக்கொண்டிருந்த நேரம் அது. வாஷிங்டன் பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸில் சேர்ந்தது, ஆனால் டிவி வருமானத்தில் முதல் சில வருடங்களுக்குக் கிட்டத்தட்டப் பாதிப் பங்குதான். ஒஹாயோ ஸ்டேட்டோடு மோத வேண்டும், கையில் அவர்களுடைய பங்கில் பாதி! இதைப் பார்த்துவிட்டு அலபாமாவிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருப்பாரா? பைஅவுட் சுமார் 1.2 கோடி டாலர்.

அதோடு நிற்கவில்லை. வாஷிங்டன் அரிசோனாவின் கோச்சை இழுத்தது. அரிசோனா சான் ஹோஸே ஸ்டேட்டின் கோச்சை இழுத்தது. மேலே ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே மூன்று ஊர்களில் வீடு மாற்றும் லாரி வந்து நிற்கிறது. கடைசியில் இருக்கும் சின்ன இடத்தின் ஆட்டக்காரர்களைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை.

பிளேஆஃப் முடியும் வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா? (பெங்களூரு வாசகர்)

நாள்காட்டி விடுவதில்லை. ஹைஸ்கூல் பையன்கள் கையெழுத்துப் போடுவது டிசம்பர் முதல் வாரம், போர்ட்டல் திறப்பது ஜனவரி தொடக்கம், பிளேஆஃப் ஓடுவது ஜனவரி மூன்றாம் வாரம் வரை. பொறுத்திருந்து போனால் புதிய இடத்தில் காலி லாக்கர்கள்தான் இருக்கும். 2025-ல் லேன் கிஃபின் 11-1 என்றிருந்த ஓலே மிஸ்ஸை (மிசிசிப்பி யூனிவர்சிட்டி) விட்டு எல்.எஸ்.யூவுக்குப் போனபோது பிளேஆஃபிலும் நானே நிற்கிறேன் என்றார். ஓலே மிஸ் முடியாது என்றுவிட்டது. சரியான முடிவு. போட்டி அணிக்கு ஆள் பிடிக்கும் ஒருவரை உங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் எப்படி வைத்துக்கொள்வீர்கள்? உதவி கோச் பீட் கோல்டிங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள், அணி அரையிறுதி வரை போனது.

போனவர்கள் எல்லாம் ஜெயிக்கிறார்களா? (மதுரை வாசகர்)

இல்லை. ராட்ரிகஸ் மிச்சிகனில் மூன்று வருடம், 15-22, வீட்டுக்கு அனுப்பினார்கள். யூ.சி.எஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி) அணியை 13-0 என்று நடத்திய ஸ்காட் ஃப்ராஸ்ட், தான் ஆடிய நெப்ராஸ்காவுக்கே போய் 16-31. கெல்லியை 2025 அக்டோபரில் எல்.எஸ்.யூ நீக்கியது, அவருக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 5.4 கோடி டாலர். பைஅவுட்டைப் பாருங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்பது இப்போது புரிகிறதா? ராட்ரிகஸும் ஃப்ராஸ்டும் 2024 டிசம்பரில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

ஒரே இடத்தில் இருப்பவர்களே கிடையாதா? (ஈரோடு வாசகர்)

கிர்க் ஃபெரன்ட்ஸ், அயோவா, 1999-லிருந்து. கர்ட் சிக்னெட்டியையும் பாருங்கள்: காலங்காலமாகத் தோற்ற இண்டியானாவை இரண்டே வருடத்தில் மேலே கொண்டுவந்தார், பெரிய இடங்களின் பெயர் அடிபட்டபோது புது ஒப்பந்தம் போட்டு அங்கேயே தங்கினார். போர்ட்டல் இருப்பதால் ஆட்டக்காரர்களை இப்போது எந்த ஊருக்கும் வரவழைக்கலாம். மேயர் காலத்துக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறது.

என் மகன் டெக்சாஸில் படிக்கிறான். நாங்கள் கட்டும் ஃபீஸிலிருந்தா கோச்சுக்குச் சம்பளம்? (நாமக்கல், ஒரு தந்தை)

பெரிய இடங்களில் பெரும்பகுதி டிவி, டிக்கெட், நன்கொடை. சின்ன இடங்களில் பல, மாணவர்களிடம் விளையாட்டுக் கட்டணம் என்று தனியாகவே வாங்குகின்றன. எந்த யூனிவர்சிட்டி என்று நீங்கள் எழுதவே இல்லை. ஃபீஸ் ரசீதை எடுத்து வரி வரியாகப் பாருங்கள்.

பெரிய இடத்துக்குப் போய் ஒரே வாரத்தில் வேலை போனவர் உண்டா? (வேலூர் வாசகர்)

உண்டு. ஜார்ஜ் ஓ’லியரி, 2001 டிசம்பர். ஜார்ஜியா டெக்கிலிருந்து நோட்டர் டேம் போனார். பயோடேட்டாவில் இல்லாத முதுகலைப் பட்டம் இருந்தது தெரியவந்தது. ஐந்தாம் நாள் ராஜினாமா. அடுத்த வருடமே மினசோட்டா வைகிங்ஸ் என்ற தொழில்முறை அணியில் வேலை கிடைத்துவிட்டது.