வாத்துக்குக் குளிரைவிட ஈரம்தான் ஆபத்து: கேள்வி பதில்

இப்போது கானாடுகாத்தானில் பின்கட்டுக்கு அந்தப் பக்கம் எட்டு வாத்து வளர்க்கிறேன். அதற்கு முன்னால் கனடாவில், வின்னிபெக்குக்கு வெளியே ஒன்பது குளிர்காலம் வளர்த்தேன். தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.

என் மகள் மின்னசோட்டாவில் ஆறு வாத்து வைத்திருக்கிறாள். மைனஸ் 25 வருமாம். கொட்டிலுக்குள் ஹீட் விளக்கு போடலாமா? (தேவகோட்டை ஆச்சி)

வேண்டாம் ஆச்சி, வைக்கோலும் தூசியும் உள்ள இடத்தில் அந்த விளக்கு அறுந்து விழுந்தால் கொட்டிலே எரிந்துவிடும். வளர்ந்த வாத்துக்கு அது தேவையும் இல்லை. மேலிறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு மாதிரி மெல்லிறகும், இறகின் எண்ணெய்ப் பூச்சும் உடம்பைக் காக்கும். காலுக்கு இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டினாற்போல ஓடுவதால் சூடு உடம்போடேயே தங்கிவிடும். ராத்திரி பார்த்தால் ஒரு காலை வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு மற்றக் காலில் நிற்கும்.

மகளிடம் வைக்கோலை ஒரு அடி உயரத்துக்குப் போடச் சொல்லுங்கள். தினமும் காலையில் அதற்குள் கையை விட்டு அடிவரைக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை ஈரமானால் அதை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான்.

குளிர் உள்ளே வராமல் எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டேன், சரிதானே அண்ணே? (டொராண்டோ)

சரியில்லை தம்பி. முதல் வருஷம் நானும் அதைத்தான் செய்தேன், விடிகாலையில் கதவைத் திறந்தால் உள்கூரை முழுக்கப் பனி பூத்திருந்தது, வாத்துகள் விட்ட மூச்சின் ஈரம் அப்படியே உறைந்து கிடந்தது, அந்த ஈரக்காற்றில் என் மஸ்கோவி இன ஆண் வாத்தின் முகத்துச் சிவப்புத் தோல் நுனியில் கறுத்துப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வாத்தின் தலைக்கு நன்றாக மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவரில் திறப்பு விடுங்கள். கீழே மட்டும் காற்று அடிக்கக் கூடாது. மஸ்கோவி வெப்ப நாட்டு இனம், முகத்தில் இறகே கிடையாது. அவ்வளவு குளிருக்குப் பெக்கின், காக்கி கேம்பெல் இன வாத்துகள் மேல்.

தண்ணீர் உறைந்துவிடுகிறதே?

ரப்பர் தொட்டி வாங்குங்கள், கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்றுவிடும். தலை முங்கும் ஆழம் இருக்க வேண்டும். மூக்கையும் கண்ணையும் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ராத்திரி கொட்டிலுக்குள் தண்ணீர் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

நம்ம ஊர் மார்கழிப் பனிக்கு என்ன செய்வது? (பள்ளத்தூர்)

20 டிகிரி பக்கம் இறங்குவதெல்லாம் பெரிய வாத்துக்கு ஒன்றுமே இல்லை. குஞ்சுக்குத்தான் கவனம். முதல் வாரம் 32 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். மெஷினில் பொரித்த குஞ்சுக்குத் தாயின் இறகு எண்ணெய் கிடைக்காது, அதனால் ஊருணியில் விட்டுவிடாதீர்கள், நனைந்து விறைத்துவிடும்.

ஐப்பசி மழையில் கடலைப் பிண்ணாக்கு லேசாகப் பூத்துவிட்டது. காயவைத்துப் போடலாமா?

கூடவே கூடாது. அந்தப் பூஞ்சை நஞ்சு வெயிலில் போகாது, கோழியைவிட வாத்துக்குச் சீக்கிரம் ஈரலைக் கெடுக்கும். விலையைப் பார்க்காமல் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.