கண்ணளவு போதாது, எண்ணைக் கொடுங்கள்

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வாழ்த்து அட்டை ஒன்று வரைகிறேன். ஓரத்தில் வரிசையாக இலைகள் வர வேண்டும். ஓர் இலையை நகலெடுத்து ஒட்டி நகர்த்தினால், இடைவெளி ஓரிடத்தில் கூடுகிறது, ஓரிடத்தில் குறைகிறது. நகலெடுக்கக் கண்ட்ரோல் + டி அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. தோழியின் பவர்பாயிண்டில் நடக்கிறது. நடுவில் 12 இதழ்ப் பூவும் வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: நடக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. இங்க்ஸ்கேப் நகலை மூலத்தின் மேலேயே அச்சுப் பிசகாமல் வைத்துவிடும். பவர்பாயிண்ட் சற்றுத் தள்ளி வைப்பதால் உடனே கண்ணில் படுகிறது.

சந்தேகத்தில் நாலைந்து முறை அழுத்தியிருப்பீர்களே, அத்தனையும் அங்கேயே அடுக்காகக் கிடக்கின்றன. இலையைச் சுற்றி மவுஸால் கட்டம் இழுங்கள். எத்தனை பொருள்கள் சிக்கின என்று கீழே உள்ள பட்டை காட்டும். கூடுதலானவற்றை இப்போதே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால், ஒளி ஊடுருவும் நிறமாக இருந்தால் அந்த இலை மட்டும் கருத்துத் தெரியும். வெட்டும் இயந்திரத்துக்குக் கோப்பை அனுப்பினால் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப அறுக்கும்.

மற்றபடி, மேலேயே விழுவது நல்லதுதான். நகல் புறப்படும் இடம் துல்லியமாகத் தெரிவதால், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை எண்ணாகவே சொல்லிவிடலாம். இலையின் அகலம் 8 மி.மீ., இடைவெளி 2 மி.மீ. என்றால் நகர வேண்டியது 10 மி.மீ. கண்ட்ரோல் + டி அழுத்திவிட்டு, 'டிரான்ஸ்ஃபார்ம்' பலகத்தின் 'மூவ்' பகுதியில் கிடைமட்டத்துக்கு 10 கொடுங்கள். அங்கே 'ரிலேட்டிவ் மூவ்' கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணை நகரும் தூரமாகக் கொள்ளாமல், பக்கத்தில் ஓர் இடமாக எடுத்துக்கொள்ளும். அடுத்து இரண்டு இலைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து 20, பிறகு நான்கையும் எடுத்து 40. மூன்றே தடவையில் எட்டு இலை. அகலத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மேல்பட்டையில் தெரியும் அளவில், வழக்கமான அமைப்பில், ஓரக்கோட்டின் தடிமனும் சேர்ந்திருக்கும்.

ஏற்கெனவே கோணல்மாணலாக வைத்தவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். முதல் இலையையும் கடைசி இலையையும் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'அலைன்' பலகத்தில் இடைவெளிகளைச் சமமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். முனைகள் அசையாது, நடுவில் உள்ளவை தாமாக ஒழுங்காகிவிடும்.

பூவுக்கு வருவோம். 360-ஐ 12-ஆல் வகுத்தால் 30 பாகை. தேர்ந்தெடுத்த இதழை மறுபடி ஒருமுறை கிளிக் செய்தால் மூலைகளில் வளைந்த அம்புகளும் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறியும் வரும். அந்தக் குறிதான் சுழற்சியின் மையம். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதனால்தான் இதழ் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுகிறது. குறியைப் பிடித்து இதழின் அடிமுனைக்கு இழுத்து வையுங்கள். பிறகு கண்ட்ரோல் + டி, 'ரொட்டேட்' பகுதியில் 30, 'அப்ளை'. நகலும் அதே மையத்தோடு பிறப்பதால் இதையே பதினோரு முறை செய்தால் பூ முடிந்துவிடும்.

இலைகளின் நிறத்தைப் பிறகு மாற்றுவீர்கள் என்று தோன்றினால், அவற்றுக்கு மட்டும் கண்ட்ரோல் + டி-க்குப் பதில் ஆல்ட் + டி அழுத்துங்கள். அது குளோன், அதாவது மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகல். மூல இலையின் நிறத்தை மாற்றினால் எல்லா இலைகளும் மாறும். ஏதாவது ஒன்றைத் தனியே திருத்த வேண்டுமானால் ஷிஃப்ட் + ஆல்ட் + டி அழுத்தி அதை மட்டும் பிரித்துக்கொள்ளலாம்.