ஆய்வகத்தில் முந்தும் மருந்து உடலிலும் முந்துமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. விலாவில் அக்கி கண்டிருப்பதால் மருத்துவர் ஃபாம்சிக்ளோவிர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆய்வகச் சோதனைகளில் அசைக்ளோவிர்தான் குறைந்த அளவிலேயே வைரஸைத் தடுக்கிறது என்று படித்தேன். அதற்கு மாற்றித் தரும்படி கேட்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் படித்தது தவறில்லை, ஆனால், அதை வைத்து மருந்தை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபாம்சிக்ளோவிர் உடலுக்குள் சென்றதும் பென்சிக்ளோவிராக மாறுகிறது. அக்கியை உண்டாக்கும் வைரஸ், ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆய்வகத்தில், வளர்ப்புத் தட்டிலுள்ள செல்களில் வைரஸைத் தொற்றச் செய்து, பல செறிவுகளில் மருந்தைச் சேர்த்து, செல்கள் அழிந்து உண்டாகும் திட்டுகளை எண்ணுகிறார்கள். திட்டுகளைப் பாதியாகக் குறைக்கும் செறிவுதான் நீங்கள் படித்த எண். எந்த வகைச் செல், எவ்வளவு வைரஸ், எத்தனை நாள் என்பவற்றைப் பொறுத்து அந்த எண் மாறும். ஆகவே, இரண்டு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைப்பது, பெரிய படியில் அளந்த நெல்லையும் சின்னப் படியில் அளந்த நெல்லையும் ஒப்பிடுவது போன்றது.

ஒரே ஆய்வகத்தில் அளந்தாலும் அந்த எண் முழுக் கதையைச் சொல்வதில்லை. இரு மருந்துகளையும் முதலில் செயலூட்டுவது வைரஸின் சொந்த நொதியான தைமிடின் கைனேஸ்தான்; தொற்றில்லாத செல்கள் பெரும்பாலும் பாதிக்கப்படாததற்கு அதுவே காரணம். செயலூட்டப்பட்ட அசைக்ளோவிர், வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதியான டிஎன்ஏ பாலிமரேஸை இறுகப் பற்றுகிறது. ஆனால், அக்கி வைரஸ் தொற்றிய செல்லுக்குள் அந்த மருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. பென்சிக்ளோவிரின் பிடி தளர்வானதுதான் என்றாலும், அது செல்லுக்குள் மிகுதியாகச் சேர்ந்து, பாதியாகக் குறைய சுமார் 7 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வழக்கமான சோதனையில் மருந்து கடைசிவரை தட்டிலேயே இருப்பதால் இந்த நிலைத்த தன்மை வெளிப்படுவதில்லை.

தட்டில் குடல் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. விழுங்கிய அசைக்ளோவிரில் 10 முதல் 20 சதவீதம் மட்டுமே ரத்தத்தில் சேர்கிறது. ஃபாம்சிக்ளோவிர் வழியாகக் கிடைக்கும் பென்சிக்ளோவிரோ சுமார் 77 சதவீதம். அசைக்ளோவிரை அக்கிக்கு நாளுக்கு ஐந்து வேளை தர வேண்டியிருப்பதும், ஃபாம்சிக்ளோவிருக்கு மூன்று வேளை போதுமானதாக இருப்பதும் இவற்றால்தான்.

நோயாளிகளிடம் கண்டதே எனக்குப் பெரிய சான்று. உடலுக்குள் அசைக்ளோவிராக மாறும் வாலாசைக்ளோவிரையும் ஃபாம்சிக்ளோவிரையும், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 597 அக்கி நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கொப்புளம் ஆறுவதிலும் வலி தணிவதிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இம்மருந்துகளின் பலன் அதிகம். எனவே, மருந்தை மாற்றுவதற்காகக் காத்திராமல், தந்தையார் ஒரு வேளையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இம்மருந்துகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், தந்தையாரின் சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ற அளவுதான் தரப்பட்டிருக்கிறதா என்பதை.