கார்மேல் மலையில் பூத்த இளஞ்சிவப்பு ஆளி

இஸ்ரேலின் கார்மேல் மலையில் மார்ச் மாதம் நீங்கள் படமெடுத்த பூ, சைலீன் என்ற காட்டுப்பூவா, ஆளிவிதைச் செடியின் இனமான ஆளியா என்று கேட்டிருந்தீர்கள். ஆளிதான், அறிவியல் பெயர் லைனம் பியூபெசென்ஸ். எகிப்துச் சைலீனும் அங்கே இதே நிறத்தில் பூக்கும், ஆனால் அதன் இதழ் நுனி பிளந்திருக்கும். உங்கள் படத்தில் ஐந்து இதழும் பிளவில்லாமல், கருஞ்சிவப்பு நரம்போடு இருக்கின்றன. தண்டிலும் இலையிலும் மென்மயிர் தெரிகிறது. நாம் விதைக்காக வளர்க்கும் நீல ஆளியில் அது கிடையாது.

லைனம் விஸ்கோசம் என்ற இன்னொரு ஆளியும் இளஞ்சிவப்புதான். அது ஐரோப்பாவின் பல்லாண்டுச் செடி, உங்கள் படத்தில் உள்ளது ஒரே பருவத்தில் முடிந்துவிடும்.

மறுபடி போனால் பல செடிகளின் பூக்களுக்குள் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் சூல்தண்டு (பூவின் நடுவே சூலகத்திலிருந்து எழும் மெல்லிய தண்டு) நீளம், சிலவற்றில் குட்டை! வேறு செடியின் மகரந்தம் வந்து சேர உதவும் அழகான ஏற்பாடு. அப்புறம், இதழ் சீக்கிரம் உதிரும், காலையிலேயே போங்கள்.